டிடிடி திரும்ப வந்தாலும் டெங்கு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூச்சிக்கொல்லித் தடைகள் பற்றியும், டெங்குவுக்கும் டிடிடி (DDT) என்ற பழைய பூச்சிக்கொல்லியைப் பரிந்துரைத்தும் உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தோம். "பறவைகளைக் காப்பாற்றுகிறோம் என்று டிடிடியைத் தடை செய்தார்கள், குழந்தைகள் மலேரியாவில் செத்தார்கள்" என்கிறார்கள் ஒரு சாரார். எந்த மருந்தும் வேண்டாம், இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள் இன்னொரு சாரார். கொசு ஒழிப்புப் பணியில் இருக்கும் எங்களால் இரண்டையும் ஏற்க முடியவில்லை. மலேரியா இன்றும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேரைக் கொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அந்தக் குழந்தைகளின் பெயரால் வாதாடுபவர்கள் வருடக் கணக்கையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

தடைக்கு எதிரானவர்கள் முதலில் காட்டுவது இலங்கையை. 1934-35இல் அந்தத் தீவில் மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 பேரைப் பலிகொண்டது. 1946இல் சுமார் 28 லட்சம் பேருக்குக் காய்ச்சல் பதிவானது. அதே காலத்தில்தான் வீட்டுச் சுவர்களில் டிடிடி அடிக்கத் தொடங்கினார்கள். 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் 17 பேர் மட்டுமே. 1969இல் அந்த எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. இடையில் டிடிடி நிறுத்தப்பட்டது உண்மைதான். ஆனால் நிறுத்தப்பட்டது 1964இல். அமெரிக்கத் தடை வந்தது 1972இல். எட்டு ஆண்டு கழித்து வந்த தடை எப்படிக் காரணமாகும்?

இலங்கையில் மருந்தடிப்பை நிறுத்தியதற்குக் காரணம், கிடைத்த வெற்றிதான். நோயாளிகள் குறைந்ததும் தெளிப்பை நிறுத்தி, காய்ச்சல்காரர்களின் இரத்தத்தைச் சோதித்துக் கண்காணிக்கும் கட்டத்துக்கு நகர வேண்டும் என்பது அன்றைய உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தின் வரையறை. தெளிப்பு நின்றது, கண்காணிப்பு தளர்ந்தது. மழை பொய்த்த காலத்தில் ஆறுகள் வற்றி, படுகையில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. இலங்கையிலும் இந்தியக் கிராமப்புறங்களிலும் மலேரியாவைப் பரப்பும் முக்கியக் கொசுவான அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் முட்டையிட அதைவிடத் தோதான இடம் கிடையாது. அவசர அவசரமாக டிடிடியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அந்தக் கொசு ஏற்கனவே மருந்துக்குப் பழகத் தொடங்கியிருந்தது. 1970களின் நடுவில் மாலத்தியான் என்ற வேறொரு பூச்சிக்கொல்லிக்கு மாறினார்கள். பின்னர் வெவ்வேறு வகை மருந்துகளைச் சுழற்சி முறையில் பயன்படுத்தினார்கள். கடைசி உள்ளூர்த் தொற்று 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அந்த இறுதிக்கட்ட வெற்றியில் டிடிடிக்குப் பங்கே இல்லை.

இந்தியாவின் கதையும் தடை வாதத்துக்கு ஒத்துவராது. விடுதலையின்போது ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் மரணம் என்பது மதிப்பீடு. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, 1960களின் தொடக்கத்தில் நோயாளிகள் சுமார் 50 ஆயிரமாகக் குறைந்தார்கள். 1976இல் மறுபடி 64 லட்சத்தைத் தாண்டியது. அப்போது டிடிடி இங்கே தாராளமாகப் புழக்கத்தில் இருந்தது. விவசாயத்தில் அதைத் தடை செய்ததே 1989இல்தான். சுகாதாரத் துறைக்கு அதன் பிறகும் அனுமதி தொடர்ந்தது.

தடை என்று சொல்லப்படுவது உண்மையில் என்ன சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும். 1972இல் அமெரிக்கா பயிர்களுக்கான பயன்பாட்டைத்தான் முடித்துவைத்தது. நோய்த் தடுப்புக்கும் ஏற்றுமதிக்கும் விலக்கு இருந்தது. 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் டிடிடியை முற்றாக ஒழிக்க வேண்டிய பட்டியலில் வைக்கவில்லை. நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில்தான் வைத்தது. 2006இல் உலக சுகாதார நிறுவனம் டிடிடி உள்ளிட்ட மருந்துகளை வீட்டுச் சுவர்களில் தெளிப்பதற்கு வெளிப்படையாகவே மீண்டும் ஆதரவு தெரிவித்தது.

இனி பறவைகள். இங்கே தடையை எதிர்ப்பவர்கள் செய்யும் தவறு, பாதிப்பே கட்டுக்கதை என்பது. கட்டுக்கதை அல்ல. டிடிடி தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உடலுக்குள் அது டிடிஇ என்ற பொருளாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடுகிறது. மிதவை உயிரியைச் சிறுமீன் தின்ன, சிறுமீனைப் பெருமீன் தின்ன, அதைப் பறவை தின்ன, ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறுகிறது. கலிஃபோர்னியாவின் கிளியர் ஏரியில் 1949 முதல், கடிக்காத ஒரு சிறு பூச்சியை ஒழிப்பதற்காக டிடிடியின் (DDT) நெருங்கிய உறவான DDD என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்தார்கள். தண்ணீரில் அதன் அளவு அதிகபட்சம் 5 கோடியில் ஒரு பங்கு. சில ஆண்டுகளில் செத்து மிதந்த முக்குளிப்பான்களின் கொழுப்பைச் சோதித்தபோது அளவு பத்து லட்சத்தில் 1,600 பங்கு. 80 ஆயிரம் மடங்கு! இந்தச் சம்பவத்தை 1962இல் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 'மௌன வசந்தம்' (Silent Spring) என்ற தம் நூலில் எழுதியதற்குப் பிறகே பொதுமக்கள் கவனித்தார்கள்.

சாகாத பறவைகளுக்கு வந்த கேடு இன்னும் நுட்பமானது. தாய்ப்பறவையின் ஓடு சுரக்கும் உறுப்பில் கால்சியம் சேர்வதை டிடிஇ தடுக்கிறது. முட்டை ஓடு மெலிகிறது; அடைகாக்க உட்காரும் தாயின் எடையிலேயே நொறுங்குகிறது. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருந்த பழைய பொரி வல்லூறு முட்டைகளைப் புதிய முட்டைகளோடு ஒப்பிட்டு, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்திருப்பதை 1967இல் வெளியிட்டார். டிடிடி புழக்கத்துக்கு வந்த காலமும் அதுதான். அமெரிக்காவின் பெருநிலப் பகுதியில் 1963இல் ஐந்நூறுக்கும் குறைவான இணைகளே எஞ்சியிருந்த வெண்தலைக் கழுகு, 2007இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைகளாகப் பெருகி, அழிந்துவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வேட்டைத் தடையும் வாழிடப் பாதுகாப்பும் இதற்கு உதவின. பயிருக்கு டிடிடி அடிப்பது நிற்காமல் இருந்திருந்தால் அவை போதியிருக்காது.

எவ்வளவு மருந்து, எங்கே போனது என்பதுதான் இந்த வழக்கின் மையம். அமெரிக்காவில் தடைக்கு முந்தைய கடைசி ஆண்டுகளில் விற்ற டிடிடியில் சுமார் 80 சதவீதம் பருத்தி வயலுக்குப் போனது. விமானத்திலிருந்து தூவினால் ஒரு பருவத்தில் ஒரு ஹெக்டேருக்கே பல கிலோ; மழை பெய்தால் அது நேரே ஓடைக்கு. வீட்டுச் சுவருக்கான கணக்கு வேறு. 50 சதவீத டிடிடி தூள் ஒரு கிலோவைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்தால் 500 சதுர மீட்டர் சுவருக்குப் போதும். சதுர மீட்டருக்கு ஒரு கிராம் மருந்து. 150 சதுர மீட்டர் தெளிக்கும் பரப்புள்ள வீட்டுக்கு மூன்று லிட்டர் கலவை, அதில் 150 கிராம் டிடிடி. அதுவும் கூரைக்குக் கீழே, உட்சுவரில். முறையாகச் செய்தால் அதில் வெளியே போவது சொற்பம்.

அந்த ஒரு கிராம் எப்படி வேலை செய்கிறது? மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முதிர்ந்து அடுத்தவருக்குப் பரவும் நிலைக்கு வர 10 முதல் 14 நாள் ஆகிறது. பெண் அனோபிலிஸ் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரத்தம் குடிக்கும். குடித்ததும் கனத்த வயிற்றோடு அருகிலுள்ள சுவரில் அமர்ந்து செரிக்கும். ஆக, கிருமி முதிர்வதற்குள் நான்கைந்து முறை சுவரில் உட்கார வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மருந்துபட்ட சுவராக இருந்தால் நோய் பரப்பும் வயதை எட்டும் கொசு மிகச் சிலவே. பல கொசுக்கள் மருந்து வாடை உறுத்தி வீட்டுக்குள் தங்காமலே வெளியேறிவிடும். அதுவும் டிடிடியின் ஒரு குணம்.

இந்த வலிமையை வயல் தெளிப்பே அரித்துவிட்டது. மத்திய அமெரிக்காவின் பருத்திப் பகுதிகளில் மலேரியாக் கொசுவின் எதிர்ப்புத்திறன் பருத்திக்கு மருந்தடிக்கும் பருவத்தில் உயர்வதை 1970களிலேயே கண்டார்கள். வயலோர நீரில் வளரும் கொசுப்புழுக்கள் ஒவ்வொரு தலைமுறையும் மருந்தில் குளித்து வளர்ந்தன. தப்பியவை பெருகின. டிடிடி தாக்குவதும் இன்று கொசுவலையிலும் கொசுவர்த்தியிலும் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகள் தாக்குவதும் கொசுவின் நரம்பில் உள்ள ஒரே சோடியம் வாயிலைத்தான். அந்த வாயிலில் ஒரு மரபணு மாற்றம் வந்துவிட்டால் இரண்டு மருந்தும் ஒரே நேரத்தில் மழுங்கும். ஆகவே பயிருக்கு டிடிடியைத் தடை செய்தது கழுகுக்கு மட்டும் செய்த உபகாரம் அல்ல. சுவரில் அடிக்கும் மருந்தின் ஆயுளையும் அது நீட்டித்தது. இலங்கையில் மாலத்தியானை மலேரியாப் பணிக்கென்றே ஒதுக்கி வைத்ததும் இந்த எண்ணத்தில்தான். 1990களின் தொடக்கம் வரை அது அங்கே கைகொடுத்தது.

தடையை எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு வலுவான உதாரணம் உண்டு, தென் ஆப்பிரிக்கா. 1996இல் சுவருக்கு டிடிடி அடிப்பதை நிறுத்திப் பைரித்ராய்டுக்கு மாறினார்கள். அந்த மருந்துக்கு எதிர்ப்புத்திறன் கொண்ட அனோபிலிஸ் ஃபுனெஸ்டஸ் திரும்பி வந்தது. 2000ஆம் ஆண்டில் நோயாளிகள் 60 ஆயிரத்தைத் தாண்டினார்கள். டிடிடியை மீண்டும் அடித்தார்கள். நோய் வேகமாகக் குறைந்தது. அதே சமயத்தில் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தும் சிகிச்சைக்கு வந்ததால் பெருமையைப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனாலும் அங்கே டிடிடி உயிர்களைக் காத்தது; அதை மறுப்பவர்கள் நேர்மையாகப் பேசவில்லை. அந்தக் கொசு வீட்டுக்குள் அமரும் பழக்கம் கொண்டது, டிடிடிக்கு இன்னும் சாகக்கூடியது. இவ்விரண்டும் பொருந்தியதால் பலித்தது. விவசாயத்தில் அங்கே டிடிடி 1970களிலேயே நிறுத்தப்பட்டிருந்தது என்பதும் நினைவிருக்கட்டும்.

எந்தக் கொசு எந்த மருந்துக்குச் சாகும் என்பதை விவாதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சோதித்தே அறியலாம். மூன்று முதல் ஐந்து நாள் வயதுள்ள, இரத்தம் குடிக்காத பெண் கொசுக்கள் நூறு வேண்டும். ஒரு குழாய்க்கு 25 வீதம் நான்கு குழாய்களில், 4 சதவீத டிடிடி தோய்ந்த தாள் சுற்றி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மருந்தில்லாத தாளோடு இன்னும் இரண்டு குழாய்களையும் வைக்க வேண்டும். பிறகு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே போனால் எதிர்ப்புத்திறன் உறுதி. மருந்தில்லாத குழாயிலேயே 20 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது. வெயிலில் கொண்டுவந்த கொசுவில் அடிக்கடி நடப்பது இது. பெரிய உபகரணம் தேவையில்லாத இந்தச் சோதனையை வைக்காமலே டன் கணக்கில் மருந்து வாங்கும் இடங்கள் இருப்பதுதான் எங்களை வருத்துகிறது.

சரியான மருந்தே வந்தாலும் தெளிப்பில் கெட்டுப்போகும் இடங்கள் பல. தூள் மருந்து தண்ணீரில் கரையாது, மிதந்து நிற்கும். கலக்கிக்கொண்டே இராவிட்டால் அடியில் படியும். ஒரு வீட்டுச் சுவரில் வெறும் தண்ணீர், இன்னொரு வீட்டுச் சுவரில் வெள்ளைப் பூச்சு. துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பானின் முனை அடைத்துக்கொள்ளும். அதைக் கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடுவார்கள். அப்புறம் மருந்து விசிறாமல் ஒழுகும். முனை சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி, ஒரே வேகத்தில், ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையின் ஓரத்தைச் சற்றே தொட்டுக்கொண்டு போக வேண்டும். சுவரில் சொட்டு வழிந்தால் நடை மெதுவாகிவிட்டது என்று பொருள். மாட்டுக்கொட்டகையை விட்டுவிடுவது மிகப் பெரிய ஓட்டை, ஏனென்றால் கியூலிசிஃபேசிஸ் மனிதரைவிட மாட்டையே அதிகம் நாடும், அங்கேயே அமரும். சமையலறையும் பூசை அறையும் வேண்டாம் என்று வீட்டார் தடுப்பார்கள். மருந்தடித்த சில நாளில் மண்சுவரை மெழுகினாலோ வெள்ளையடித்தாலோ பத்துப் பன்னிரண்டு வாரம் நிற்க வேண்டிய மருந்து அன்றே முடிந்தது. மருந்தடித்த பிறகு மூட்டைப்பூச்சி இன்னும் அதிகமாகக் கடிக்கிறது என்று மக்கள் சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அவற்றுக்கு டிடிடி எதிர்ப்புத்திறன் வந்து வெகுகாலம் ஆகிறது. மருந்து உறுத்தி வெளியே வருமே தவிர சாகாது. அடுத்த சுற்றுக்குக் கதவு திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மிச்சக் கலவையையும் கழுவிய நீரையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுவதுதான் சுகாதாரத் தெளிப்பிலிருந்து மீனுக்கும் பறவைக்கும் விஷம் போகும் முக்கிய வழி. கழுவிய தண்ணீரை அடைத்து வைத்து மறுநாள் கலவைக்கே பயன்படுத்த வேண்டும். மருந்து மூட்டைகளை எண்ணி எடுத்து, காலிப் பைகளை எண்ணித் திரும்பப் பெற வேண்டும். எண்ணாத இடத்தில் மூட்டை வயலுக்குப் போய்விடும்.

டெங்குவுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கட்டுரை டிடிடியை டெங்குவுக்கும் பரிந்துரைத்திருந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி பகலில் கடிக்கும். தொங்கும் துணி, கட்டிலின் அடி, அலமாரி இடுக்கு என்று இருட்டில் அமரும். வெற்றுச் சுவரில் அமர்வது குறைவு. சுவர் முழுக்க மருந்தடிப்பது அதற்கான அம்பே அல்ல. பல நாடுகளில் டிடிடிக்கு அதன் எதிர்ப்புத்திறனும் பழைய செய்தி.

தெருவில் அடிக்கும் புகை மருந்தின் கதியும் அதுதான். புகைத்துளி பட்ட நொடியில் பறந்துகொண்டிருக்கும் கொசு சாகும். அலமாரிக்குள் இருப்பது சாகாது. தொட்டியில் இருக்கும் புழு சாகாது. சுவரில் எதுவும் தங்காது. இரண்டு நாளில் புதிய கொசு வெளியே வரும். அதே புகையில் தட்டான், தேனீ போன்றவை சாகின்றன. நீரில் விழுந்தால் மீனுக்கும் ஆபத்து. ஒரு வீட்டில் டெங்கு உறுதியானால் அந்த வீட்டுக்கும் சுற்றுவட்டத்துக்கும் உள்ளே புகுந்து அடிப்பதில் பலன் உண்டு. 2 சதவீதப் பைரித்திரம் என்ற கொசு மருந்து ஒரு பங்கை 19 பங்கு மண்ணெண்ணெயில் கலந்து, அடுப்பையெல்லாம் அணைத்து, உணவையும் தண்ணீரையும் மூடி, கதவு ஜன்னலைச் சாத்தி அடிக்க வேண்டும். ஊர் பார்க்க வண்டியில் புகை விட்டுப் போவதால் மக்களுக்கு ஆறுதல் கிடைக்கலாம், நோய் குறையாது.

ஏடிஸை அதன் புழுப் பருவத்தில்தான் பிடிக்க வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டி, ட்ரம், பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். காலி செய்ய முடியாத பெரிய தொட்டிக்கு, 100 லிட்டருக்கு 10 கிராம் வீதம் டெமிஃபாஸ் என்ற புழுக்கொல்லியின் ஒரு சதவீத மணல் குருணை போடலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற பாதுகாப்பு வரம்புக்குள் அது அடங்கும். தொட்டியின் முழுக் கொள்ளளவுக்குக் கணக்கிட்டுப் போடுங்கள். தண்ணீர் பாதி இருக்கிறது என்று பாதி போட்டால், நிரம்பும்போது மருந்து நீர்த்துவிடும்.

மாற்று மருந்துகள் எல்லாம் தீங்கற்றவை என்ற எண்ணமும் தவறு. 1976இல் பாகிஸ்தானில் மலேரியாப் பணியில் மாலத்தியான் அடித்த சுமார் 7,500 தொழிலாளர்களில் ஏறத்தாழ 2,800 பேருக்கு நஞ்சேறியது; ஐந்து பேர் இறந்தார்கள். மருந்தில் ஐசோமாலத்தியான் என்ற மாசு சேர்ந்திருந்ததே காரணம்; சேமிப்பில் அது பெருகும். டிடிடியால் இப்படி உடனடியாக நஞ்சேறுவது குறைவு. அதன் கேடு மெல்ல வருவது. 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற வகையில் சேர்த்தது. பி.டி.ஐ. எனும் பாக்டீரியா மருந்து மற்றவற்றைவிடப் பெரிதும் பாதுகாப்பானது. அதையும் சதுப்பு நிலம் முழுக்கத் தூவினால் கொசுவை ஒத்த சிறு பூச்சிகள் குறைந்து, அவற்றைத் தின்னும் பறவைகளுக்கு இரைத் தட்டுப்பாடு ஏற்படும். பிரான்சின் கமார்க் பகுதியில் இதைப் பார்த்திருக்கிறார்கள். கம்பூசியா மீனைத் தொட்டியிலும் மூடிய கிணற்றிலும் விடலாம், குளத்திலும் ஏரியிலும் விடக் கூடாது. அது தவளையின் தலைப்பிரட்டையையும் உள்ளூர் மீன்குஞ்சுகளையும் விட்டுவைக்காது.

ஆகவே அரசுகளிடம் எங்கள் கோரிக்கை இது. நோய்த் தடுப்புக்கு நம்பியிருக்கும் எந்த மருந்தையும் அதே காலத்தில் பயிருக்கு விற்க அனுமதிக்கக் கூடாது. ஒவ்வொரு கொள்முதலுக்கும் முன்பு அந்தந்தப் பகுதிக் கொசுவில் எதிர்ப்புத்திறன் சோதனை நடத்தி முடிவை வெளியிட வேண்டும். டிடிடியைக் கைவிடும் நாடு, அதற்கு முன்பாகவே மாற்று மருந்தைச் சோதித்துக் கையில் வைத்திருக்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். புகை மருந்து வண்டியின் படத்தோடு டெங்கு தடுப்புச் செய்தி போடும்போது, அந்தப் பகுதியின் புழு அடர்த்தியையும் சேர்த்துப் போடுங்கள். நூறு வீடுகளைப் பார்த்தால் எத்தனை பாத்திரங்களில் ஏடிஸ் புழு இருக்கிறது என்ற எண் அது. களப் பணியாளர்கள் எடுக்கும் கணக்கு. வாரந்தோறும் கேட்டு வாங்கி, பகுதிவாரியாக, போன வார எண்ணையும் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கொசு ஒழிப்புப் பணியில் உள்ள பூச்சியியலாளர்கள் சிலர்